79 மாடல் புல்லட்: ஏஐ சொல்வதில் எதை நம்பலாம், எதை விடலாம்?

கேள்வி
எழுதியவர்: குளித்தலைக்காரன்

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா கால்நடை மருத்துவர். குளித்தலையைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் அவர் போன வண்டி 1979 புல்லட் 350. பின் கேரியரில் தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டி, பக்கத்தில் ஒரு தோல் பை, அதற்குள் கையுறையும் டார்ச் லைட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஊரில் மாடு கன்று போட முடியாமல் கிடந்தாலும் அந்த வண்டிதான் போகும். 2011இல் அப்பாவுக்கு முழங்கால் தேய்ந்து கிக்கரை மிதிக்க முடியாமல் போனது. கொட்டகை ஓரத்தில் நிறுத்தி தார்ப்பாய் போட்டு மூடினார். அதோடு சரி. அப்பா தவறி மூன்று வருடம் ஆகிறது. வண்டிக்கு வைத்தியம் பார்த்த பாய் கொரோனா சமயத்தில் போய்விட்டார். அவர் மகன் இப்போது செல்போன் கடை வைத்திருக்கிறார். கேட்டால், "அது அத்தாவுக்குத்தான் தெரியும்" என்கிறார்.

எனக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். பஞ்சர் ஒட்டுவேன், பிளக் கழற்றித் துடைப்பேன், செயின் இழுத்துக் கட்டுவேன். மற்றதற்கு ஆள் இல்லை என்பதால் போனில் ஏஐயிடம் கேட்டேன். தமிழில் கேட்டேன், தமிழிலேயே சொன்னது. எவ்வளவு மரியாதை! "அருமையான கேள்வி" என்றுதான் ஆரம்பிக்கும்.

முதல் நாள் அது சொன்னது இது. இந்த இஞ்சினில் வால்வைத் தூக்கும் டேப்பெட் ஹைட்ராலிக் வகை, இடைவெளியைத் தானே பார்த்துக்கொள்ளும், சரிசெய்யத் தேவையில்லை. இஞ்சின் ஆயிலே கிளட்சுக்கும் கியர் பாக்ஸுக்கும் போகிறது, தனியாக ஊற்ற வேண்டாம். 12 வோல்ட் பேட்டரி போடவும். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 72 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ., 346 சி.சி. கியர் இடது காலில், முதல் கியர் கீழே, மற்றவை மேலே.

கடைசி வரியைப் படித்தபோதுதான் உறைத்தது. எனக்கு அப்பா வண்டி பழக்கியது வாய்க்கால் கரையில், 1996இல். வலது காலில் கியர். ஒன்று மேலே, மற்ற மூன்றும் கீழே. இடது காலில் பிரேக். வேறு வண்டி ஓட்டிப் பழகிய சித்தப்பா ஒரு தடவை இதை மறந்து, பிரேக் என்று நினைத்து வலது காலை அமுக்கி, வாய்க்காலுக்குள் இறங்கியிருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்கும் அது மறக்காது.

"கியர் வலது பக்கம் இல்லையா?" என்று கேட்டேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது முற்றிலும் சரி" என்று உடனே மாற்றிக்கொண்டது. சரி, டேப்பெட்டையும் திரும்பக் கேட்போம் என்று கேட்டேன். இப்போது 0.10 மி.மீ. இடைவெளி வை என்றது. மறுநாள் புதிதாகக் கேட்டால் இன்லெட் 0.05, எக்ஸாஸ்ட் 0.10. அப்புறம் வேண்டுமென்றே, "கியர் இடது பக்கம்தானே?" என்று தப்பாகப் போட்டுப் பார்த்தேன். "ஆமாம், சரியாகச் சொன்னீர்கள்."

எல்லாமே தப்பு என்றாலும் பரவாயில்லை, மூடிவைத்துவிடலாம். 20டபிள்யூ50 ஆயில் என்றது, அப்பாவும் அதைத்தான் ஊற்றுவார். டயர் 3.25-19 என்றது, டயரிலேயே அப்படித்தான் இருக்கிறது. 1955இல் என்ஃபீல்டு இந்தியா கம்பெனி, திருவொற்றியூர் தொழிற்சாலை என்றது, அதுவும் சரி. சரியானதையும் தப்பானதையும் ஒரே குரலில் சொல்கிறது. பாயிடம் தெரியாததைக் கேட்டால் பதில் சொல்லாமல் பீடியைப் பற்றவைப்பார். நாமும் புரிந்துகொள்வோம். இது பீடி பற்றவைப்பதே இல்லை.

இப்போது அது சொல்லும் அடுத்த வேலை: வலது பக்க டைமிங் மூடியைத் திற, ஆயில் பம்பை ஓட்டும் நட்டை இடப்பக்கம் சுற்றிக் கழற்றி, பம்பைச் சோதனை செய். செய்யலாமா? 14 வருடம் நின்ற வண்டியைக் கிளப்பும் முன் உண்மையில் என்னதான் பார்க்க வேண்டும்? ஏஐயிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கவே கூடாது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: ஆறுவோல்ட்

தம்பி, முதலில் அந்த நட்டில் கை வைக்காதே. கிராங்க் முனையில் இருக்கும் அந்த நட்டுக்கு வார்ம் என்று பெயர், அது இடது மரை. எல்லா நட்டையும் போல இடப்பக்கம் சுற்றினால் இறுகும், கழலாது. கழலவில்லையே என்று நீ பைப்பை மாட்டி நெம்புவாய். மரை போகும், இல்லையென்றால் கிராங்க் முனை போகும். வலப்பக்கம் சுற்றினால்தான் வரும். முக்கியமாக, உனக்கு அதைக் கழற்றும் வேலையே இப்போது இல்லை.

நான் எண்ணூர்ப் பக்கம். 41 வருடமாக காஸ்ட் அயர்ன் வண்டி மட்டும்தான் பார்க்கிறேன். இந்தப் பெயரிலேயே ஏஐ வழுக்கி விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். காஸ்ட் அயர்ன் இஞ்சின் என்பதால் ஹெட்டும் இரும்பு என்று ஒரு பையனிடம் சொல்லியிருக்கிறது. சிலிண்டர்தான் இரும்பு, ஹெட் அலுமினியம். இரும்பு என்று நம்பி ஹெட் போல்ட்டை அந்தப் பையன் இறுக்கின இறுக்கில் எனக்கு ஒரு வாரம் வேலை வைத்தான்.

சரி, உன் வண்டிக்கு வருவோம். ஹைட்ராலிக் டேப்பெட், ஒரே ஆயில் எல்லாம் 2009 வாக்கில் வந்த யூசிஇ இஞ்சின் (இஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே கூட்டில் இருப்பது) சமாச்சாரம். உன்னுடையதில் மூன்று இடத்தில் மூன்று எண்ணெய். இஞ்சினுக்குத் தனி, இடது பக்கம் கிளட்சும் பிரைமரி செயினும் இருக்கும் பெட்டிக்குத் தனி, கியர் பாக்ஸுக்குத் தனி. கியர் பாக்ஸில் நாங்கள் 90 ஆயிலும் கிரீஸும் கலந்து கூழ் மாதிரிப் போடுவோம். வெறும் ஆயில் நிற்காது, ஒழுகிவிடும். ஒரே ஆயில் போதும் என்று அது சொன்னதைக் கேட்டு நீ ஓட்டியிருந்தால் கியர் பெட்டி காய்ந்துபோய் பல் பறந்திருக்கும். எனக்கு இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு. கேட்பவனுக்குச் சந்தேகமே வராது பார். "தனியாக ஊற்ற வேண்டாம்" என்றால் வேலை மிச்சம் என்று சந்தோஷப்படுவோம்.

14 வருடம் நின்ற வண்டியில் ஆயில் டேங்கில் இருந்து மெல்ல இறங்கி கிராங்க் கேஸுக்குள் போயிருக்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் காணோமே என்று மேலே மேலே ஊற்றாதே. அடியில் கிராங்க் கேஸுக்கும் டேங்குக்கும் தனித்தனி வடிகால் போல்ட். இரண்டையும் திறந்து வடி. ஃபில்டரை மாற்று. பிறகு புதிதாக ஊற்று.

டேப்பெட். சிலிண்டருக்கு வலது பக்கம், அடியில், ஒரே நட்டில் நிற்கும் சின்ன மூடி இருக்கும். அதைத் திற. இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றிவிட்டு பிஸ்டனைக் கம்ப்ரஷனில் மேலே கொண்டுவா. இரண்டு வால்வும் மூடியிருக்கிற நிலை. இப்போது புஷ்ராடை (டேப்பெட்டில் இருந்து மேலே வால்வுப் பக்கம் போகும் கம்பி) இரண்டு விரலால் பிடித்து உருட்டு. தடங்கல் இல்லாமல் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. 0.05ம் இல்லை, 0.10ம் இல்லை. இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை நுழைக்க அங்கே இடமே கிடையாது. அந்த எண்களை அது வேறு வண்டியில் இருந்து எடுத்துவந்து உனக்கு ஒட்டியிருக்கிறது.

டைமிங், அதாவது பிளக் பொறி விடும் நேரம். பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை வை. பாயின்ட் திறக்கும் நேரம் பிஸ்டன் மேலே வருவதற்கு 0.8 மி.மீ. முன்னால். இதில் ஒன்றைக் கவனி. வேகம் கூடக் கூடப் பொறியை முன்னதாக விடவைப்பது அட்வான்ஸ் யூனிட். இந்த 0.8 என்பது அது விரியாமல் சும்மா இருக்கும்போது. உன் ஏஐ வேறு ஏதாவது எண் சொன்னால் "அட்வான்ஸ் ஆன பிறகா, ஆகாமலா?" என்று கேள். முழு அட்வான்ஸ் அளவை ஆகாத நிலையில் வைத்தாய் என்றால் கிக்கர் திருப்பி அடிக்கும். போன வருடம் ஒரு பையன் நொண்டிக்கொண்டே வந்தான். கணுக்காலுக்கு மேல் முட்டை அளவு வீக்கம். "எண் சரிதான் அண்ணே, போனில் சரிபார்த்தேன்" என்றான். எண் சரியாகவே இருக்கலாம். எந்த நிலைக்கான எண் என்பதை அது சொல்லவில்லை, அவன் கேட்கவும் இல்லை.

பாயின்ட் எப்போது திறக்கிறது என்று பார்க்க மீட்டர் எதுவும் வேண்டாம். சிகரெட் பாக்கெட்டுக்குள் இருக்கும் மெல்லிய தாளை பாயின்ட் நடுவில் வைத்து லேசாக இழுத்துப் பிடி. இஞ்சினைச் சுற்றச் சுற்ற ஒரு இடத்தில் தாள் நழுவும். அதுதான் இடம்.

பேட்டரி 6 வோல்ட். 12 போட்டால் இருக்கிற பல்பு எல்லாம் தீபாவளி.


பதில் 2
எழுதியவர்: கோவை ஆர்டி

ஆறுவோல்ட் ஐயா சொன்ன பிறகு ஸ்பேனர் பக்கம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், வீட்டில் ஒரு 1985 ராஜ்தூத் 350 நிற்கிறது. ஏஐ ஏன் இப்படித் தப்பாகச் சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

இது எந்தப் புத்தகத்தையும் திறந்து பார்த்துப் பதில் சொல்வதில்லை (இணையத்தில் தேடிப் பார்த்துச் சொல்லும் வசதியை இயக்கினால் கொஞ்சம் வேறு கதை). படித்ததை எல்லாம் கரைத்துக் குடித்துவிட்டு, இந்தச் சொல்லுக்குப் பிறகு எந்தச் சொல் வருவது இயல்பு என்று பார்த்துப் பார்த்துக் கோக்கிறது. "புல்லட் 350" என்ற பெயரை யோசித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் ரெட்டிச்சில் செய்த வண்டிக்கும் அந்தப் பெயர்தான், திருவொற்றியூரில் செய்த வலது கியர் வண்டிக்கும் அதே, பிறகு ஏவிஎல், யூசிஇ, 2023இல் வந்த ஜே சீரிஸ் என்று இஞ்சின் மாறி வந்த வண்டி எல்லாவற்றுக்கும் அதே. உள்ளே இருப்பது ஒவ்வொன்றிலும் வேறு. புதிய வண்டியைப் பற்றி இணையத்தில் குவிந்து கிடக்கிறது. 79 வண்டியைப் பற்றிய அறிவு ஐயா மாதிரி ஆட்களின் விரல் நுனியில் கிடக்கிறது. ஆகவே அது ஆகாயத்தில் இருந்து பொய்யைப் பறிப்பதில்லை, ஒரே பெயருள்ள அண்ணன் தம்பிகளின் சட்டையை மாற்றி மாட்டிவிடுகிறது.

குளித்தலை நண்பர் எழுதியதிலேயே சாட்சி இருக்கிறது. போர் 72, ஸ்ட்ரோக் 90, 346 சி.சி. என்று சொன்னதாம். கணக்குப் போடுங்கள். 72 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக் என்றால் 366 சி.சி. வரும், 346 வராது. பழைய வண்டி 70க்கு 90, அது 346. ஜே சீரிஸ் 72க்கு 85.8, அது 349. போரைப் பேரனிடமும் ஸ்ட்ரோக்கைத் தாத்தாவிடமும் வாங்கியிருக்கிறது. நான் இப்போதெல்லாம் முதலில் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பேன். ஒன்றையொன்று சரிபார்க்கும் எண்களைக் கேட்டு வாங்கினால் புளுகு தானே வெளியே வரும். 72 பிஸ்டன் வாங்கிவந்து 70 சிலிண்டரில் இறக்கப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

என் வண்டிக் கதையும் இதே. ராஜ்தூத் 350 என்பது யமஹா ஆர்டி 350பி; 1983இல் இருந்து எஸ்கார்ட்ஸ் இங்கே செய்தது. ஜப்பான் வண்டிக்கு முன்னால் டிஸ்க் பிரேக், 39 குதிரைத்திறன். நமக்குச் செலவைக் குறைத்து டிரம் பிரேக், திறனையும் குறைத்து ஹைடார்க் மாடலில் 30.5, அப்புறம் வந்த லோடார்க் மாடலில் 27. ஏஐயிடம் "முன் பிரேக் பேட் எப்போது மாற்றுவது?" என்று கேட்டேன். டிஸ்க் இல்லையே அப்பனே என்று சொல்ல வேண்டியது, 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பார் என்று சொல்லி ஒரு பார்ட் நம்பரும் கொடுத்தது. யமஹா பாணியிலேயே, கோடு போட்டு, எழுத்தும் எண்ணுமாக. உக்கடத்தில் பழைய சாமான் விற்பவரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "நம்பர் நல்லாத்தான் இருக்கு, இப்படி ஒரு சாமான்தான் உலகத்தில இல்ல" என்றார்.

கேட்கும் விதம் பற்றி ஒன்று. "கியர் இடது பக்கம்தானே?" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்லும், நம்மைச் சந்தோஷப்படுத்துவது அதன் பழக்கம். பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கேட்காதீர்கள். அதோடு "1979, சென்னையில் செய்தது, காஸ்ட் அயர்ன், பாயின்ட் இக்னிஷன், 6 வோல்ட், வலது கியர்" என்று ஒவ்வொரு தடவையும் முழு ஜாதகத்தையும் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் தேறும். அப்போதும் எண்களை நம்பி ஸ்பேனரைத் தூக்க மாட்டேன்.


பதில் 3
எழுதியவர்: சேலம் யெஸ்டி

எல்லோரும் அதைத் திட்டுகிறீர்கள், நான் கொஞ்சம் தாங்கிப் பேசுகிறேன்.

என்னிடம் இருப்பது 1960களின் ஜாவா 250, மைசூரில் ஐடியல் ஜாவா செய்தது. மூலம் செக்கோஸ்லோவாக்கியா. ஒரு நண்பர் எங்கிருந்தோ செக் மொழிக் கையேட்டின் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார். இருபது வருடமாக அதன் படங்களை மட்டும் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தேன். ஏஐயிடம் ஒவ்வொரு பக்கமாகக் கொடுத்தேன். தமிழில் தந்தது. கிளட்ச் தானாக விலகும் அமைப்பை எப்படிச் சரிசெய்வது என்ற பக்கம் எனக்கு மகாபாரதம் கிடைத்த மாதிரி. கியர் லீவரை மிதித்தாலே கிளட்ச் விலகும், தெரியுமா? அந்தக் காலத்திலேயே. எண்களை மட்டும் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன்; ஓரிடத்தில் மங்கிப்போன 3ஐ 8 என்று படித்திருந்தது. மற்றபடி வேலை சுத்தம்.

ஆனால் பக்கத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டேன், அங்கேதான் கோட்டை விட்டது. "இஞ்சின் ஆயில் எப்போது மாற்றுவது?" என்றதும், 3,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை 10டபிள்யூ30 என்றது. ஐயா, இது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலோடு லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலந்து ஊற்றுகிறோம், அது எரிந்து புகையாகப் போகிறது. மாற்றுவதற்கு இஞ்சினுக்குள் ஆயிலே கிடையாது. கியர் பெட்டி ஆயில் வேறு. என் கேள்வியே தப்பு என்று அது சொல்லியிருக்க வேண்டும். பாய் இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பார்.

ஒருநாள் பேத்தி அதனிடம் "தாத்தாவின் ஜாவா" என்று படம் வரையச் சொன்னாள். சிவப்பு, குரோம் எல்லாம் ஜொலிக்கிறது. கிக்கர் வலது பக்கம் ஒன்று, கியர் லீவர் இடது பக்கம் ஒன்று. ஜாவாவில் இரண்டும் ஒரே லீவர், இடது பக்கம். உள்ளே தள்ளித் தூக்கினால் கிக்கர், இறக்கினால் கியர். பேத்தியிடம் சொன்னேன். "தாத்தா, அழகா இருக்குல்ல, விடு" என்றாள். சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம்.


பதில் 4
எழுதியவர்: வடமராட்சியான்

வணக்கம், நான் பருத்தித்துறை. புல்லட் பற்றி எனக்குத் தெரியாது, ஆனால் ஏஐ தப்பாகச் சொல்வது பற்றிய இந்தப் பேச்சு எனக்கு மிகவும் பொருத்தமாக இருக்கிறது.

90களில் பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் என்பது கண்ணில் காட்டும் சாமான். மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில்தான் ஓடின. ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்போம். காபரேட்டருக்குள் ஒரு சொட்டு விட்டு உதைத்து ஸ்டார்ட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற வேண்டும். நிற்பாட்டினால் திரும்பவும் அந்தச் சொட்டு வேண்டும். அதனால் கடைக்குப் போனாலும் வண்டியை நிற்பாட்டாமல் உறுமவிட்டுக்கொண்டுதான் சாமான் வாங்குவோம். பிளக் கரி பிடிக்கும். அப்பா தினமும் மாலையில் வேப்பமரத்தடியில் இருந்து பிளக் துடைத்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

மகனுக்கு இதைச் சொல்ல, அவன் நம்பாமல் ஏஐயிடம் கேட்டான். பெற்றோல் எஞ்சின் மண்ணெண்ணெயில் இயங்காது, முயற்சிக்க வேண்டாம் என்று வந்தது. மகன் என்னைப் பார்த்த பார்வை! நான் அதில் ஏறி ஐந்து வருடம் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.


பதில் 5
எழுதியவர்: ஆர்சி புத்தகம்

வண்டி ஓடுவது இருக்கட்டும், காகிதம் எப்படி இருக்கிறது? இதையும் ஏஐயிடம் கேட்டிருப்பீர்கள் என்று நினைத்து முன்கூட்டியே சொல்கிறேன். 25 வருடம் தாண்டினால் வின்டேஜ் என்று என்னிடம் சொன்னது. அது வெளிநாட்டு கிளப்களின் கணக்கு. இங்கே 2021 ஜூலையில் வந்த விதிப்படி 50 வருடம் தாண்ட வேண்டும், வண்டி மூல வடிவத்தில் இருக்க வேண்டும். பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடத்துக்கு. பிறகு புதுப்பிக்க 5,000. புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு நம்பர் பலகையில் விஏ என்று எழுத்து வரும், ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். அந்தப் பதிவில் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது, கண்காட்சி, பேரணி மாதிரிக் காரியங்களுக்குத்தான். உங்கள் 79 வண்டிக்கு 2029இல்தான் 50 ஆகும். அப்பா மாதிரி ஊர் ஊராகப் போக வேண்டுமானால் பழைய ஆர்சியையே ஐந்து வருடத்துக்குப் புதுப்பிப்பதுதான் வழி.


கேட்டவரின் பதில்
எழுதியவர்: குளித்தலைக்காரன்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு ஞாயிறு வேலை பார்த்தேன், நிலவரம் சொல்கிறேன்.

கிராங்க் கேஸ் போல்ட்டைத் திறந்ததும் ஐயா சொன்ன மாதிரியே கறுப்பாக ஒரு லிட்டருக்கு மேல் வடிந்தது. டிப்ஸ்டிக் காய்ந்து கிடந்ததைப் பார்த்து இரண்டு லிட்டர் கேன் வாங்கி வைத்திருந்தேன்; நல்லவேளை ஊற்றவில்லை. டேப்பெட் மூடியைத் திறந்தேன். ஒரு புஷ்ராடு விரலில் அழகாக உருண்டது. மற்றது, எக்ஸாஸ்ட் பக்கம், அசையவே இல்லை. மூன்று ஸ்பேனரை ஒரே சமயத்தில் அந்த இண்டுக்குள் பிடிக்க எனக்கு இரண்டு கை போதவில்லை, மனைவி ஒன்றைப் பிடித்தாள். உருண்டபோது அவள்தான் முதலில் "ஆ!" என்றாள்.

ஏஐயிடம் கேட்காமல் இருக்கவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சேலத்து ஐயா சொன்னபடி, கரூரில் ஒருவரிடம் இருந்த பழைய ஆங்கில சர்வீஸ் புத்தகத்தின் பக்கங்களைப் படம் எடுத்துக் கொடுத்து, "இதில் இருப்பதை மட்டும் தமிழில் சொல், இல்லாததைச் சொல்லாதே" என்றேன். ஒழுங்காகச் சொன்னது. பக்கத்தில் 0.8 என்று இருந்தது, அதுவும் 0.8 என்றது. அட்வான்ஸ் விஷயமும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

டேங்குக்குப் பெயின்ட் அடிக்கும் முன் ஸ்டிக்கர் மாதிரி கேட்டேன், "ராயல் என்ஃபீல்டு" என்று பெரிதாக வரைந்து கொடுத்தது. அப்பா வண்டி டேங்கில் வெறும் "என்ஃபீல்டு"தான். அப்படியே விட்டுவிட்டேன்.

கார்ப்பரேட்டரைப் பிரித்தால் உள்ளே பெட்ரோல் வெல்லப்பாகு மாதிரி உறைந்திருக்கிறது. ஊறவைத்திருக்கிறேன். வண்டி இன்னும் கிளம்பவில்லை. கிக் அடிக்கும் முறை மட்டும் யாராவது சொன்னால் நல்லது. அப்பா அடிப்பதைப் பார்த்திருக்கிறேனே தவிர நான் அடித்ததில்லை, அவர் கிளப்பித்தான் என்னிடம் கொடுப்பார்.


பதில் 6
எழுதியவர்: ஆறுவோல்ட்

சாவியைப் போடு. கிக்கரை மெதுவாக அமுக்கிக்கொண்டே ஆம்ப்பியர் மீட்டரைப் பார். முள் இடது பக்கம் சாய்ந்து கிடக்கும். ஒரு இடத்தில் நடுவுக்கு வந்து நிற்கும், பாயின்ட் திறந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டிகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்துக்கொண்டு கிக்கரை இன்னும் ஒரு விரற்கடை தள்ளு. விடு. கிக்கர் மேலே வரட்டும். இப்போது டிகம்ப்ரஷரை விட்டுவிட்டு, உடம்பு எடையைப் போட்டு ஒரே மிதி, கடைசி வரை. பாதியில் காலை எடுக்காதே. ஆக்சிலேட்டரைத் திருகாதே.

கிளம்பியதும் ஓட்டிக்கொண்டு போய்விடாதே. ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்கு மேலே போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டை அரைச் சுற்றுத் தளர்த்திப் பார். எண்ணெய் கசிந்தால் பம்பு வேலை செய்கிறது, இறுக்கிவிடு. ஒரு நிமிடத்தில் வரவில்லை என்றால் அணைத்துவிட்டு இங்கே எழுது.


கேட்டவரின் பதில்
எழுதியவர்: குளித்தலைக்காரன்

ஐயா, ஒன்பதாவது மிதியில் கிளம்பியது. முதலில் புகை, அப்புறம் அந்தச் சத்தம். கொட்டகையில் இருந்த கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டது.

ஆனால் ராக்கரில் எண்ணெய் வரவில்லை. ஒன்றரை நிமிடம் பார்த்தேன், அணைத்துவிட்டேன். ஆக, டைமிங் மூடியைத் திறக்கத்தான் வேண்டியிருந்தது. திறந்தேன். வார்ம் நட்டின் இரண்டு முகத்தில் உளி வைத்து அடித்த பழைய தழும்பு இருக்கிறது. இடப்பக்கம் சுற்ற அடித்த அடி. பாய் அப்படிச் செய்திருக்க மாட்டார், அவருக்கும் முன்னால் யாரோ. அப்போது செல்போனே கிடையாது.

படம் போட்டிருக்கிறேன். இந்த நிலையில் வலப்பக்கம் சுற்றினால் வருமா, இல்லை முதலில் டீசல் விட்டு ஊறவைக்கவா?


பதில் 7
எழுதியவர்: ஆறுவோல்ட்

ஒரு ராத்திரி ஊறட்டும். நாளைக்குக் காலையில் கூப்பிடுகிறேன், வீடியோவைப் போட்டுக் காட்டு. அதுவரை ஸ்பேனரை எடுக்காதே.